‘ஆர்.டி.ஓ. வேண்டாம், லைசென்ஸ் வேண்டாம்’ என்று விற்கும் சீன மினி எலெக்ட்ரிக் கார்: மதுரைக்காரர்கள் கவனத்துக்கு

திருமங்கலம் பக்கம் ஒரு குடும்பம் இரண்டு லட்சத்துக்கு மேல் கொடுத்து வாங்கிய நாலு சீட்டு மினி கார், இப்போது தார்ப்பாய் போர்த்தி வாசலில் கிடக்கிறது. “25 கிலோமீட்டர் வேகத்துக்குள்ளதான் ஓடும்ணே, ரிஜிஸ்ட்ரேஷன், இன்சூரன்ஸ், லைசென்ஸ் எதுவும் தேவையில்ல” என்று சொல்லி விற்றிருக்கிறார்கள். முழுப் பொய்.

ரிஜிஸ்ட்ரேஷன், லைசென்ஸ் வேண்டாம் என்ற அந்த விலக்குக்கு வேகம் மட்டும் போதாது. மோட்டார் அரை மணி நேரம் தொடர்ந்து தரும் சக்தியும் 250 வாட்டுக்குக் கீழே இருக்க வேண்டும். அதைப் புனே ஏ.ஆர்.ஏ.ஐ. போன்ற அங்கீகாரம் பெற்ற சோதனை நிலையம் பார்த்துச் சான்று தர வேண்டும். இந்த வண்டியின் மோட்டார் தகட்டிலேயே 1,000 வாட் என்று அடித்திருக்கிறது. நாலு பேரை ஏற்றி நத்தம் பாலத்தில் ஏற 250 வாட் எப்படிப் பத்தும்?

பதிவுக்குப் படிவம் 20 என்ற விண்ணப்பத்துடன், விற்றவர் தரும் படிவம் 21-உம் (விற்பனைச் சான்று) தயாரிப்பாளர் தரும் படிவம் 22-உம் (ரோட்டில் ஓடத் தகுதியான வண்டி என்ற சான்று) வேண்டும். இந்தக் குடும்பத்தின் கையில் இருப்பது சேஸிஸ் எண்கூட இல்லாத ஒரு பில். இதை வைத்து மதுரையின் டி.என். 58, 59, 64 எந்த ஆர்.டி.ஓ. அலுவலகத்திலும் நம்பர் வாங்க முடியாது. பதிவில்லாமல் ரோட்டில் இறக்கினால் முதல் தடவையே 5,000 ரூபாய் வரை அபராதம், வண்டியையும் பிடித்து வைக்கலாம். அதைவிடப் பெரிய ஆபத்து இன்சூரன்ஸ் இல்லாதது. யார் மீதாவது மோதிவிட்டால் நஷ்டஈடு முழுக்க உங்கள் தலையில்தான் விழும். வீடு, நிலம் வரைக்கும் போகும்.

அடுத்த பொய் ‘ஒரு சார்ஜில் 120 கிலோமீட்டர்’. 72 வோல்ட், 100 ஆம்பியர்-அவர் லெட் ஆசிட் பேட்டரி செட் என்றால் காகிதத்தில் 7.2 யூனிட், அதாவது 7,200 வாட்-அவர். ஆயுள் கெடாமல் எடுக்கக்கூடியது பாதிதான். கிலோமீட்டருக்கு 70 வாட்-அவர் என்று வைத்தாலும் சுமார் 50 கிலோமீட்டர்தான் வரும். நம்மூர் வெயிலில் இந்த பேட்டரி இன்னும் சீக்கிரம் சாகும்.

அந்த 72 வோல்ட் என்பது ஆறு 12 வோல்ட் பேட்டரி வரிசையாக. முழு சார்ஜ் போட்டு சில மணி நேரம் விட்டு மல்டிமீட்டர் வைத்தால் ஒவ்வொன்றும் 12.7 வோல்ட்டுக்குக் குறையாமல் காட்ட வேண்டும். பிறகு ஆட்களை ஏற்றி, ஓடும்போதே பாருங்கள். இந்த வண்டியில் ஐந்து பேட்டரி 11.6-இல் நிற்க, ஒன்று மட்டும் 9.8-க்கு இறங்கியது. அந்த ஒன்றுதான் மொத்த செட்டையும் இழுத்துவிடுகிறது. பழசான செட்டில் ஒன்றை மட்டும் புதுசாக மாற்றினாலும் அதுவும் சேர்ந்து கெடும். வாரண்டி தேதியை பேட்டரிக்குத் தனியாக, சீரியல் எண்ணோடு எழுதி வாங்கச் சொல்வது இதற்காகத்தான்.

சீன வடிவமைப்பு என்பதே குற்றமில்லை. 2023-இல் வந்த எம்.ஜி. காமெட், சீனாவின் வூலிங் வண்டியின் வடிவம்தான். குஜராத் ஹலோலில் கட்டி, முறைப்படி சோதித்து, பதிவோடு விற்கிறார்கள். விலை கூடத்தான். ஆனால் பதிவு, இன்சூரன்ஸ், சர்வீஸ் எல்லாம் உண்டு. பட்ஜெட் இடிக்கிறதென்றால், ஆர்.சி. உள்ள பழைய பெட்ரோல் காரே இந்தத் தகர டப்பாவைவிட நல்லது.

அட்வான்ஸ் கொடுக்கும் முன் படிவம் 22-இன் நகலைக் கேளுங்கள். “அப்புறம் அனுப்புறேன்” என்றால் எழுந்து வந்துவிடுங்கள்.

ஏற்கெனவே வாங்கிவிட்டவர்கள் பில், விளம்பரம், வாட்ஸ்அப் பேச்சு எல்லாவற்றையும் பத்திரப்படுத்தி, தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-க்குச் சொல்லுங்கள். இரண்டு வருடத்துக்குள் மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் வழக்குப் போடலாம். கொடுத்த விலை ஐந்து லட்சத்துக்குள் என்றால் கட்டணம் கிடையாது. வண்டியைப் பார்த்துத் தருகிறோம் என்று கடைக்காரர் கேட்டால், கையெழுத்துப் போட்ட ரசீது இல்லாமல் சாவியைக் கொடுக்காதீர்கள்.