மூன்று வாரம் ஆறப்போடச் சொன்னான், 680 டாலர் போனது

680 டாலர். 25 போலிச் சுருட்டுகளுக்கு நான் கொடுத்த தொகை. ‘உங்கள் புகார் முடித்துவைக்கப்பட்டது’ என்ற கடைசிப் பதில் இன்று காலைதான் வந்தது. கோபம் தணிவதற்குள் எழுதிவிடுகிறேன். பெட்டியாகச் சுருட்டு வாங்க நினைப்பவர்களுக்கு, எப்படித் தேர்ந்தெடுப்பது, எப்படிப் பாதுகாப்பது என்பதையும் கடைசியில் விரிவாகத் தருகிறேன்.

நான் ஆறு ஆண்டுகளாக வாரத்துக்கு ஒன்று என்ற கணக்கில் சுருட்டு பிடிப்பவன். எப்போதும் ஒன்றிரண்டாகத்தான் வாங்குவேன். முழுப் பெட்டியாக வாங்கி, ஆண்டுக்கணக்கில் வைத்திருந்து, சுவை மெல்ல மாறுவதைக் கவனிக்க வேண்டும் என்பது நெடுநாள் ஆசை. அதற்காகத் தேர்ந்தெடுத்தது கியூபாவின் பார்தகாஸ் சீரி டி நம்பர் 4. ரொபஸ்டோ எனப்படும் குட்டையும் தடிமனுமான வடிவம், 124 மில்லிமீட்டர் நீளம், 50 ரிங். ஒரு ரிங் என்பது அங்குலத்தில் 64இல் ஒரு பங்கு, ஆகவே தடிமன் ஏறக்குறைய 20 மில்லிமீட்டர். மண்வாசமும் மிளகுக் காரமும் சேர்ந்த கனமான சுருட்டு. சில ஆண்டுகள் கிடந்தால் அந்தக் காரம் அடங்கி இனிமை மேலெழும்.

தனிநபர்கள் தங்கள் சேகரிப்பை விற்கும் இணையச் சந்தை ஒன்றில் 2017ஆம் ஆண்டுப் பெட்டி என்று விளம்பரம் இருந்தது. விலை 680 டாலர். விற்றவன் அடிமாட்டு விலைக்குக் கொடுத்திருந்தால் அப்போதே சந்தேகப்பட்டிருப்பேன். மற்றவர்கள் கேட்ட விலையை ஒட்டியே, கொஞ்சம் மட்டும் குறைத்துக் கேட்டான். அவன் திறமை அங்கேதான் இருந்தது.

நான் எப்படி நம்பினேன் என்பதைச் சொல்லியாக வேண்டும். பணத்தைப் பற்றி அவன் முதலில் பேசவே இல்லை. “உங்கள் ஹியூமிடரில் ஈரப்பதம் எவ்வளவு? ஈரப்பதமானியை உப்பு வைத்துச் சோதித்தீர்களா?” என்று கேட்டான். ஹியூமிடர் என்பது சுருட்டுகளை ஈரப்பதம் மாறாமல் வைத்திருக்கும் பெட்டி. நனைத்த உப்பையும் மானியையும் ஒரு டப்பாவில் காற்றுப் புகாமல் மூடி ஒரு நாள் வைத்தால் 75 சதவீதம் காட்ட வேண்டும். என்னுடையது 71 காட்டியது. அதைச் சொன்னதும், “அப்படியானால் எப்போதும் நான்கைக் கூட்டிப் படியுங்கள். உள்ளே இருக்கும் செடார் பலகை ஈரம் குடித்து நிலைக்கு வரட்டும், அதுவரை நான் அனுப்ப மாட்டேன். இந்தச் சுருட்டுகள் காய்ந்து வெடிப்பதை நினைத்தாலே மனம் ஒப்பவில்லை” என்று எழுதினான். அந்த ஒரு வரியில் விழுந்தேன். சுருட்டை இப்படி நேசிக்கிற மனிதன் ஏமாற்ற மாட்டான் என்று நினைத்தேன். பலகை நிலைக்கு வர ஒரு வாரம் ஆனது. நிலைக்கு வந்த அன்று இரவே 680 டாலரையும் அனுப்பினேன்.

பெட்டி வந்த அன்று அவனே செய்தி அனுப்பினான். “பயணத்தில் சுருட்டு களைத்துப் போயிருக்கும். முத்திரையைப் பிரிக்காமல், பெட்டியைப் புரட்டாமல், மூன்று வாரம் அப்படியே ஆறப்போடுங்கள்.” தூரத்திலிருந்து வந்த சுருட்டை ஆறவிடுவது எல்லோரும் செய்கிற காரியம். வழியில் வெப்பமும் ஈரமும் ஏறி இறங்கியிருக்கும், உடனே பற்றவைத்தால் ஒழுங்காக எரியாது. ஆகவே அதில் எனக்கு எந்த ஐயமும் எழவில்லை. அந்தச் சந்தையில் புகார் கொடுக்க 14 நாள்தான் அவகாசம் என்பது எனக்குத் தெரியாது. அவனுக்குத் தெரிந்திருக்கிறது.

21ஆம் நாள் காலை ஹியூமிடரைத் திறந்தேன். கீழ்த்தட்டில் பழுப்பு நிறத்தில், எள் அளவில், இரண்டு வண்டுகள் ஊர்ந்துகொண்டிருந்தன. புகையிலை வண்டு! பெட்டியின் ஓரத்தில் மாவு போலத் தூள் கொட்டிக் கிடந்தது.

பெட்டியை வெளியே எடுத்து முதன்முறையாகப் புரட்டினேன். அடிப்பலகையில் ‘கியூபாவில் செய்யப்பட்டது’ என்ற ஸ்பானிய வாசகம் சூட்டுக்கோலால் பதிந்திருக்க வேண்டும். இதில் அது மையால் அச்சடிக்கப்பட்டிருந்தது, விரல் வைத்தால் பள்ளமே இல்லை. தேதி முத்திரையில் மாதத்தின் சுருக்கம் ஸ்பானிய மொழியில் இருக்க வேண்டும், ஜனவரி என்றால் ‘எனெ’. இதில் ஆங்கிலச் சுருக்கம் இருந்தது. பச்சை வெள்ளை உத்தரவாத முத்திரையில் 2010 முதல் ஹோலோகிராமும் பட்டைக்குறியீடும் உண்டு. இதிலும் பளபளவென்று ஒன்று இருந்தது, ஆனால் எப்படிச் சாய்த்தாலும் அசையாத வெறும் வெள்ளி மை. விளம்பரத்தில் அவன் பெட்டியைப் பத்துக் கோணங்களில் படம் பிடித்திருந்தான். அடிப்பக்கத்தை மட்டும் காட்டவில்லை, நானும் கேட்கவில்லை.

திறந்தால் வரிசையே சரியில்லை. உண்மையான பெட்டியில் சுருட்டுகளை நிறம் பார்த்துப் பிரித்து, இடமிருந்து வலமாக அடர்நிறத்திலிருந்து வெளிர்நிறத்துக்குப் போகும்படி அடுக்கியிருப்பார்கள். இதில் கருப்பும் வெளுப்பும் கலந்து கிடந்தன. கியூபச் சுருட்டின் தலையில் மூன்று சுற்றாகத் தெரிய வேண்டிய மூடியிலை இல்லை, ஒரு துண்டு இலையை ஒட்டியிருந்தார்கள். ஒன்றை நீளவாக்கில் கத்தியால் பிளந்தேன். ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை ஓட வேண்டிய முழு இலைக்குப் பதிலாக நறுக்குத் தூளும் காம்பும் உதிர்ந்தன. 25இல் ஒன்பதில் வண்டு துளைத்த ஊசித்துளை. 680 டாலருக்குக் குப்பையை வாங்கி, என் கையாலேயே நல்ல சுருட்டுகளுக்கு நடுவில் வைத்திருக்கிறேன்.

அங்கே ஆறு ஆண்டுகளாக ஒவ்வொன்றாகச் சேர்த்த 32 சுருட்டுகள் இருந்தன. முட்டை எதில் இருக்கிறது என்று கண்ணால் கண்டுபிடிக்க முடியாது. முட்டைகளைக் குளிரில் கொல்ல, பதற்றத்தில் எல்லாவற்றையும் பைகளில் போட்டு நேராக உறைபெட்டியில் வைத்துவிட்டேன். முதலில் ஒரு நாள் குளிர்பெட்டியின் சாதாரணத் தட்டு, பிறகு மூன்று நாள் உறைபெட்டி, திரும்பவும் ஒரு நாள் சாதாரணத் தட்டு என்று படிப்படியாகப் போக வேண்டும். அவசரத்தில் தவறவிட்டேன், நான்கின் மேலிலை வெடித்துவிட்டது. அவை எந்த 680 டாலர் கணக்கிலும் வராது.

அவனுக்கு எழுதினேன். “கையால் செய்வதில் வேறுபாடு இருக்கத்தான் செய்யும்” என்றான். தேதி முத்திரையின் படத்தை அனுப்பினேன். “வண்டு உங்கள் ஹியூமிடரில் இருந்தே வந்திருக்கலாம், வெப்பநிலையைக் கவனித்தீர்களா?” என்று என்னையே கேட்டான். வெப்பநிலை 25 டிகிரிக்குப் போயிருந்தது உண்மை, அந்தச் சூட்டில் உள்ளே இருக்கும் முட்டை பொரியும். முட்டையோடு வந்தது அவன் பெட்டி. மூன்றாவது செய்திக்குப் பதிலே இல்லை, என்னைத் தடைசெய்துவிட்டான்.

சந்தையின் உதவிப் பிரிவு அதைவிட மோசம். முதல் பதில், 14 நாள் கடந்துவிட்டது. விற்றவனே 21 நாள் காத்திருக்கச் சொன்ன செய்தி உங்கள் தளத்திலேயே இருக்கிறது, படியுங்கள் என்று எழுதினேன். அடுத்த பதில், புகையிலைப் பொருள்கள் திரும்பப் பெறப்படுவதில்லை. இது திரும்பக் கொடுப்பது அல்ல, போலி என்று எழுதினேன். அதற்கு வந்த பதில், முத்திரை பிரிக்கப்பட்டுவிட்டதால் ஆய்வு செய்ய இயலாது. முத்திரையைப் பிரிக்காமல் உள்ளே தூள் இருப்பதை எப்படிக் கண்டுபிடிப்பது? அதற்குப் பதில் இல்லை. ஒவ்வொரு முறையும் வேறு வேறு ஆள், ஒவ்வொரு முறையும் முதலிலிருந்து சொல்ல வேண்டியிருந்தது. வங்கியோ, பொருள் கைக்கு வந்துவிட்டதாகப் பதிவாகியிருக்கிறது என்று ஒதுங்கிக்கொண்டது. 680 டாலர் என்று இத்தனை பேரிடம் இத்தனை முறை சொல்லிவிட்டேன், ஒருவராவது அந்தத் தொகையைத் திருப்பிச் சொல்லக்கூட இல்லை.

விரிவாகத் தருவதாகச் சொன்னேன், இப்போது அதற்கு மனம் நிலைகொள்ளவில்லை. இவற்றை மட்டுமாவது செய்யுங்கள். பணம் கொடுக்கும் முன் அடிப்பலகையின் படத்தையும், முத்திரையைச் சாய்த்துக் காட்டும் காணொளியையும் கேளுங்கள். பெட்டி வந்த அன்றே பிரித்துப் பாருங்கள், ஆறவிடுவதைப் பிறகு செய்யலாம். புதிதாக வந்த எதையும் பழையவற்றோடு வைக்காதீர்கள், காற்றுப் புகாத தனி டப்பா போதும். ஈரப்பதம் 65 முதல் 70 சதவீதம், வெப்பம் 21 டிகிரிக்கு மேல் வேண்டாம். புகார் அவகாசம் எத்தனை நாள் என்று முதலில் படியுங்கள்.

இதை எழுதும்போது அந்தச் சந்தையைத் திரும்பத் திறந்து பார்த்தேன். வேறு பெயரில் ஒருவன் ‘2017 பெட்டி’ என்று போட்டிருக்கிறான். மூடியின் வலது மூலையில் என் பெட்டியில் இருந்த அதே கீறல், அதே பத்துப் படங்கள், அதே 680 டாலர்.