மணிமேகலை போனால் போகட்டும், பூங்குழலிக்கு என்ன ஆச்சு?

எங்கள் வீட்டில் இந்தச் சண்டை தொடங்கியது 2022 செப்டம்பர் 30-ஆம் தேதி, மலேசியாவில் ஈப்போவிலிருந்து எங்கள் ஊர் சுங்கை சிப்புட்டுக்குத் திரும்பும் வேனில். கல்கியின் நாவலை மணிரத்னம் படமாக்கிய ‘பொன்னியின் செல்வன்’ முதல் பாகத்தை முதல் நாளே பார்த்துவிட்டு வந்துகொண்டிருந்தோம். அத்தை மட்டும் வாய் திறக்கவில்லை. பாதி வழியில் கேட்டார்: “கடம்பூர் வந்துச்சு, கந்தமாறன் வந்தான். அவன் தங்கச்சி எங்கடா?”

“அடுத்த பாகத்துல வருவா அத்தை” என்று சமாளித்தேன். 2023 ஏப்ரல் 28-இல் அடுத்த பாகமும் வந்தது. கந்தமாறனின் தங்கை மணிமேகலை வரவில்லை. அத்தை இன்னும் என்னை மன்னிக்கவில்லை, ஏதோ மணிரத்னத்துக்கு நான்தான் யோசனை சொன்னதுபோல.

அத்தை சின்ன வயதில் தோட்டத்தில் பால்மரம், அதாவது ரப்பர் மரம், சீவியவர். விடியுமுன் ஆள் கணக்கெடுக்கும் பெரட்டுக்குப் போய், மதியம் பால் நிறுத்துக் கொடுத்துவிட்டு வந்தால், சாயங்காலம் தோட்டத்துக் கணக்கரான கிராணியின் வீட்டம்மா, தொழிலாளர் வரிசை வீடுகளான லயத்து வாசலில் உட்கார்ந்து கதை வாசிப்பாராம். கல்கி பத்திரிகையில் 1950 முதல் 1954 வரை தொடராக வந்த பக்கங்களை, மணியம் வரைந்த படங்களோடு பைண்டு செய்து வைத்திருந்தார்களாம். அத்தைக்கு அது காதால் படித்த நாவல். காதால் படித்தவர்கள் ஒரு பாத்திரத்தையும் மறப்பதில்லை.

சரி, அலசலுக்கு வருகிறேன். நாவலைப் படமாக்கும்போது பாத்திரத்தை மாற்றுவதற்கு ஒரே வழிதான் இருப்பதுபோல நாம் எல்லாவற்றையும் சேர்த்துத் திட்டுகிறோம். ஆளையே எடுத்துவிடலாம். ஆளை வைத்துக்கொண்டு அவர் செய்த காரியத்தை எடுத்துவிடலாம். கதையின் நடுவில் நின்றவரை ஓரமாக நகர்த்திவிட்டு வேறொருவரை அங்கே நிறுத்தலாம். மூன்றும் வாசகனைக் கடுப்பேற்றும். ஆனால் மூன்றும் ஒரே குற்றமா என்ன?

மணிமேகலைக்கு நடந்தது முதல் வகை. இழப்பு சின்னதில்லை. பட்டத்து இளவரசன் கரிகாலனின் கொலைப் பழி கதாநாயகன் வந்தியத்தேவன் மேல் விழும்போது, கொன்றது நானே என்று பொய்யாகப் பழியை ஏற்க முன்வருபவள் அவள். ஐந்து பாகக் கதையைக் கல்கி முடிப்பதே அவள் சாவில்தான், வந்தியத்தேவன் மடியில். பின்னாளில் ராஜராஜனாகும் அருள்மொழியின் பெயரால் அமைந்த நாவலின் கடைசி அத்தியாயம் ஒரு குறுநில மன்னன் மகளுக்குப் போகிறது. இதைத் தூக்கினால் கதையின் கடைசி ருசியே மாறிவிடுகிறது என்று அத்தை சொல்வதில் நியாயம் இருக்கிறது.

இருந்தாலும் கணக்கைப் பாருங்கள். இரண்டு படமும் சேர்ந்து ஐந்தரை மணி நேரம்தான். படத்தில் கரிகாலன் சாவைத் தானே கேட்டு வாங்கிக்கொள்கிறான். எல்லாம் அவனுக்கும் அவன் பழைய காதலி நந்தினிக்கும் இடையிலேயே முடிந்துவிடுகிறது. அந்த அறையில் இன்னொரு பெண்ணுக்கு வேலை இல்லை. வேலை இல்லாத ஆளை அழைக்காமல் விட்டது ஒரு வகையில் நேர்மை. எங்கள் வீட்டில் அப்போது நாவலே படிக்காத தம்பி மகன் ஒருவன் இருக்கிறான். படம் முடிந்து அவன் கேட்ட கேள்விகளில் மணிமேகலை இல்லை. அவள் இல்லாதது அவனுக்குத் தெரியவே தெரியாது.

அவன் கேட்டது வேறு. “பெரியப்பா, அந்தப் படகுக்காரப் பொண்ணு எதுக்கு வந்துச்சு?”

எனக்குச் சுருக்கென்றது அங்கேதான். பூங்குழலி நாவலில் வெறும் படகுக்காரி இல்லை. கடலோடு பேசுகிறவள், அருள்மொழி மேல் உள்ள ஆசையை மறைக்கத் தெரியாதவள். கடைசியில் பூ கட்டிப் பிழைக்கும் சேந்தன் அமுதனைக் கைப்பிடிக்கிறாள். சோழ ராணி செம்பியன் மாதேவியின் மகனாக வளர்ந்த மதுராந்தகன் இல்லை, குழந்தையில் மாற்றப்பட்ட இந்த அமுதன்தான் அவருடைய உண்மையான மகன் என்று தெரிய வரும்போது, கோடிக்கரைப் பெண் சோழ நாட்டு அரசியாகிறாள். அவள் வழி முழுவதும் அந்த இடத்தை நோக்கித்தான் போகிறது. படம் பெயரை வைத்துக்கொண்டது, படகையும் வைத்துக்கொண்டது. போய்ச் சேரும் இடத்தை எடுத்துவிட்டது. சேந்தன் அமுதனும் இருக்கிறான், அவனுக்கும் அதே கதிதான். எங்கள் பக்கம் சில தோட்டங்களின் பெயர்ப்பலகை சாலையோரம் இன்னும் நிற்கும். உள்ளே போனால் பால்மரமும் இல்லை, லயமும் இல்லை, வரிசை வரிசையாகப் பாமாயில் எடுக்கும் செம்பனைதான். பலகையைப் பார்த்துத் திரும்பினவருக்கு வரும் எரிச்சல் இருக்கிறதே, அதுதான் இது. பலகையே இல்லாவிட்டால் நேராகப் போயிருப்போம்.

இங்கே ஒரு வேடிக்கையும் உண்டு. குழந்தை மாறிய கதையைப் படம் விட்டதும் எங்கள் ஒட்டுக்கடையில் ஒருவர் “வரலாற்றை மாத்திட்டாங்க” என்று கொதித்தார். தே தாரிக் டீ ஆறும்வரை விடவில்லை. உண்மையில் அந்தக் குழந்தை மாற்றம் கல்கியின் கற்பனை. கண்டராதித்தருக்கும் செம்பியன் மாதேவிக்கும் பிறந்த மதுராந்தகரே உத்தம சோழர் என்பது வரலாறு. அவருக்குப் பிறகு 985-இல் ராஜராஜன் பட்டம் ஏறுகிறார். படத்தில் மதுராந்தகன் மதுராந்தகனாகவே முடிசூடுகிறான். அந்த ஒரு விஷயத்தில் படம் நாவலை விட்டுவிட்டு வரலாற்றுக்குப் பக்கத்தில் போய் நின்றது. இதைச் சொன்னதும் அவர் தன் கணக்கைக் கொடுத்துவிட்டுக் கிளம்பிவிட்டார். நான் ஜெயித்ததாக நினைத்தேன். ஆனால் வரலாற்றைக் காப்பாற்றியதற்கான விலையைப் பூங்குழலிதான் கொடுத்தாள் என்பது வீட்டுக்கு வந்த பிறகுதான் உறைத்தது.

மூன்றாவது வகைக்கு ‘அசுரன்’. பூமணியின் ‘வெக்கை’ 1982-இல் வந்த நாவல். வெற்றிமாறன் படம் 2019. இதில் கோபப்பட்டவன் நான். அத்தை படிக்கவில்லை, அதனால் படத்தை நிம்மதியாக ரசித்தார். ‘வெக்கை’ பதினைந்து வயது சிதம்பரத்தின் கதை. வடக்கூரானின் கையை மட்டும் வெட்டப் போனவன் ஆளையே கொன்றுவிடுகிறான். அப்புறம் சில நாட்கள் அய்யாவோடு காடும் கரடுமாக ஒளிந்து திரிகிறான். பையனின் பயம், பசி, தாகம், ராத்திரி இதெல்லாம்தான் நாவல். படத்தில் அப்பாதான் எல்லாம். பரமசிவம் சிவசாமி ஆகிறார். அவருடைய இளமைக் காலம் பெரிதாக விரிந்து, பாதிப் படத்தைத் தன் தோளில் தூக்கிக்கொள்கிறது. என் பையனை ஓரமாக உட்கார வைத்துவிட்டார்களே என்று பொருமினேன்.

ஆனால் இரண்டாம் முறை பார்த்தபோது கோபம் பாதியாகிவிட்டது. அப்பாவின் பெயரையே மாற்றிவிட்டதால், இது வேறு ஆள் என்று படம் தன் வாயாலேயே சொல்லிவிடுகிறது. நகர்த்தி நிறுத்திய ஆளுக்கு முழு வேலையும் கொடுத்திருக்கிறது. கையில் சாராயமும் பணிந்த தலையுமாக இருப்பவர், மகனைக் காப்பாற்ற ஊர்க்காரர்கள் ஒவ்வொருவர் காலிலும் விழுகிற இடம் நாவலுக்குக் கடன்பட்டதில்லை. அது படம் சம்பாதித்தது. பையனை இழந்த வருத்தம் இருக்கிறது, ஏமாற்றப்பட்ட எண்ணம் இல்லை.

எழுத்தாளரே எழுதினால் இந்தத் தொல்லை வராது என்பார்கள். ஜெயகாந்தன் ‘சில நேரங்களில் சில மனிதர்கள்’ படத்துக்கு அப்படித்தான் எழுதினார், 1977-இல். அது அவருக்கு முடிந்தது. கல்கி 1954-லேயே போய்விட்டார். மேடை நாடகம் தேவலையா என்றால், மேஜிக் லாண்டர்ன் குழு 1999-இல் சென்னையில் ‘பொன்னியின் செல்வ’னை மேடையேற்றியது. அதை எழுதிய இளங்கோ குமரவேல்தான் பிறகு படத்தின் திரைக்கதையிலும் கை வைத்தவர். சுங்கை சிப்புட்டில் இருந்துகொண்டு அதையெல்லாம் பார்க்க எங்களுக்கு எங்கே வாய்த்தது.

ஆக, என் வரிசை இது: ‘அசுரன்’ செய்ததை ஏற்றுக்கொள்வேன், மணிமேகலையை எடுத்ததைப் பொறுத்துக்கொள்வேன், பூங்குழலிக்குச் செய்ததை மட்டும் முடியாது.

அத்தையிடம் இதை வரிசையாக எடுத்துச் சொன்னேன். வெற்றிலையை மடித்துக்கொண்டே முழுதும் கேட்டார். “படகுக்காரியாவது கண்ணுல பட்டா. என் புள்ள கண்ணுலயே படலையே” என்றார். தம்பி மகன் இப்போது மூன்றாம் பாகம் ‘கொலை வாள்’ படித்துக்கொண்டிருக்கிறான். மணிமேகலையைப் பற்றி அவனிடம் எதுவும் சொல்லக்கூடாது என்று அத்தை எனக்கு உத்தரவு போட்டிருக்கிறார்.