புகார் கொடுக்கும் உரிமையா, கணக்குக் காட்டும் கடமையா?

வேலையில் சிறுபான்மையினரை ஒதுக்குவதைத் தடுக்க அரசுக்கு இரண்டு வழி. ஒன்று, பாகுபாட்டைச் சட்டத்தால் தடைசெய்துவிட்டு, பாதிக்கப்பட்டவர் புகாரோடு வரட்டும் என்று இருப்பது. தேவைதான், ஆனால் வேலை மறுக்கப்பட்டவருக்கு உண்மையான காரணமே தெரியாது, தெரிந்தாலும் அலைச்சல், செலவு, பகை எல்லாம் அவர் தலையில்தான்.

இன்னொன்று, நிறுவனமே கணக்குக் காட்டுவது. வட அயர்லாந்தில் 1976ஆம் ஆண்டுச் சட்டம் மதப் பாகுபாட்டைத் தடைசெய்தது, அது போதவில்லை என்றுதான் 1989இல் புதுச் சட்டம் வந்தது: ஊழியர்களில் கத்தோலிக்கர் எத்தனை, புராட்டஸ்டன்ட் எத்தனை என்று ஆண்டுதோறும் அறிக்கை, அப்புறம் மூன்று ஆண்டுக்கு ஒருமுறை ஆள் எடுக்கும் முறையையே மறுஆய்வு. யாரும் தனியாளாகப் போராட வேண்டியதில்லை. யார் எந்தப் பிரிவு என்ற பதிவு ரகசியமாக இருக்க வேண்டும், அது முக்கியம்.

என் ஓட்டு இந்த இரண்டாவது வழிக்கே. நாலைந்து பேர் வேலை செய்யும் இடத்தில் மட்டும் எண்ணிக்கை எதையும் சொல்லாது, அங்கே புகார்ச் சட்டம்தான் கைகொடுக்கும்.