மலாவிக்காக ஒரு பாடசாலைச் சந்தை: கஞ்சி பிரமாதம், கணக்குத்தான் காணவில்லை

கொழும்பு 7 பக்கம் ஒரு சர்வதேசப் பாடசாலையில் நடந்த நிதி சேர்ப்புச் சந்தைக்கு மகளோடு போயிருந்தேன். பெயர் வேண்டாம், அங்கே பிள்ளை படிக்கிறவர்களுக்கு எதுவென்று புரிந்துவிடும். சேரும் காசு ஆபிரிக்காவில் மலாவி நாட்டுப் பாடசாலைப் பிள்ளைகளின் சாப்பாட்டுக்குப் போகும் என்று நோட்டீசில் போட்டிருந்தது. சாப்பிடவும் விளையாடவும் என்றால் தாராளமாகப் போகலாம். கொடுத்த காசு என்ன ஆகிறது என்று கேட்கிற ஆள் என்றால் கொஞ்சம் எரிச்சலோடுதான் திரும்புவீர்கள்.

முதல் எரிச்சல் கூப்பன். வாசலிலேயே ஆயிரம் ரூபாவுக்கு ஒரு புத்தகம், அதற்குக் குறைத்துத் தரமாட்டார்களாம், மிஞ்சினால் திருப்பி எடுக்கவும் மாட்டார்களாம். நல்ல காரியம் என்று ஒரு வார்த்தை சொல்லிவிட்டால் யாரும் வாய் திறக்கமாட்டார்கள் என்று தெரிந்தே செய்கிற வேலை இது. பேரனுக்கு ஒரு ஐஸ்கிரீம் வாங்கிக் கொடுக்க வந்த ஒரு ஐயா முணுமுணுத்துக்கொண்டே புத்தகத்தை வாங்கினார்.

பெற்றோர் போட்ட கொத்து ரொட்டி நன்றாகவே இருந்தது, உறைப்புக்குக் குறைவில்லை. ரோல்ஸ் ஆறிப்போயிருந்தது. சர்பத்தில் கசகசாவைத் தேட வேண்டியிருந்தது. லக்கி டிப்பில் மகளுக்குக் கிடைத்தது ஒரு அழிரப்பர்.

ஆனால் மைதானத்தின் மூலையில், மலசலகூடத்துக்குப் போகிற வழியில், தரம் 9 பிள்ளைகள் போட்டிருந்த ஒரு சின்ன மேசைக்காகவே இந்தச் சந்தைக்குப் போகலாம். சோளமாவும் சோயாமாவும் கலந்து காய்ச்சிய கஞ்சியை பிளாஸ்டிக் கோப்பையில் ஊற்றித் தந்தார்கள். மலாவியில் இதை லிக்குனி பாலா என்கிறார்கள், பாடசாலைகளில் ஊர்ச் சனமே முறை வைத்துக் காய்ச்சுகிறது. ஒரு வாய் குடித்ததும் எனக்கு நம் திரிபோஷ சத்துமாதான் ஞாபகம் வந்தது, அதுவும் சோளமும் சோயாவும்தானே. "சீனி போடவா அன்ரி? அங்கே கொஞ்சம்தான் போடுவார்கள்" என்று கேட்ட பிள்ளையிடம், சாப்பாட்டுக்கும் படிப்புக்கும் என்ன தொடர்பு என்று வேண்டுமென்றே கேட்டேன். தடுமாறாமல் சொன்னாள்: 1994இல் மலாவியில் ஆரம்பக் கல்வியை இலவசமாக்கியபோது ஒரே வருடத்தில் கிட்டத்தட்ட பத்து இலட்சம் பிள்ளைகள் கூடுதலாகச் சேர்ந்துவிட்டார்கள், இருக்க வகுப்பறை இல்லை, மரத்தடியில் படித்தார்கள், பயிற்சி பெறாதவர்களை அவசரமாக ஆசிரியர்களாக எடுத்தார்கள். கட்டணம் போனது, பசி போகவில்லை. பாடசாலையில் ஒரு கோப்பை கஞ்சி என்றால் வீட்டில் வேலைக்கு நிறுத்திவைத்த பிள்ளையையும் அனுப்பிவிடுவார்கள். ஸ்கொட்லாந்தைச் சேர்ந்த மேரிஸ் மீல்ஸ் என்ற தொண்டு நிறுவனம் 2002இல் மலாவியில் 200 பிள்ளைகளோடு இந்த வேலையைத் தொடங்கி, இப்போது பல நாடுகளில் இருபது இலட்சத்துக்கும் அதிகமான பிள்ளைகளுக்குக் கொடுக்கிறது என்பதையும் அவளே சொன்னாள்.

இவ்வளவு விஷயம் வைத்திருக்கிற மேசையைக் கொண்டுபோய் அந்த மூலையில் போட்டவர் யார்? நுழைவாயிலில் வைத்திருக்க வேண்டாமா? அங்கே வைத்திருந்ததோ ஒரு தொலைபேசிக் கம்பனியின் பெரிய பலூன். அந்தப் பக்கமே வராமல் கொத்து சாப்பிட்டுவிட்டுப் போனவர்களுக்கு மலாவி என்பது ஒரு பதாகை, அவ்வளவுதான்.

பிறகு கணக்கு. கடைசியில் மேடையில் ஏறி "மாபெரும் வெற்றி" என்றார்கள், கைதட்டினோம். எவ்வளவு சேர்ந்தது, ஒலிபெருக்கி வாடகை, கூடாரம், துள்ளி விளையாடும் பலூன் வீடு, தொண்டர்களுக்கு அடித்த டீசேர்ட் எல்லாம் கழித்து எவ்வளவு மிஞ்சியது என்று ஒரு வார்த்தை இல்லை. பொறுப்பாசிரியையிடம் கேட்டேன். "பிறகு அறிவிப்போம்" என்றார், அவரைக் குறை சொல்லவும் மனமில்லை, காலையிலிருந்து வெயிலில் நின்ற முகம். போன வருடக் கணக்கையாவது ஒரு தாளில் அடித்து வாசலில் ஒட்டியிருக்கலாம்.

நம் ஊரிலேயே வசதி இல்லாத பிள்ளைகள் இருக்கும்போது மலாவிக்கு ஏன் என்று வரிசையில் நின்ற ஒருவர் கேட்டார். நியாயமான கேள்விதான், 2022இல் கடதாசி இல்லாமல் மேல் மாகாணத்தில் தவணைப் பரீட்சையையே தள்ளிப்போட்ட நாடு இது. அப்படிப் பார்த்தால் சுனாமி நேரம் எங்கெங்கோ இருந்த பாடசாலைப் பிள்ளைகளும் நமக்குக் காசு சேர்த்திருக்கக் கூடாது. எனக்கு இதில் சிக்கல் இல்லை. 1945இலிருந்து இலவசக் கல்வி, 1980இலிருந்து இலவசப் பாடநூல், பிறகு சீருடைத் துணியும் என்று இங்கே கிடைத்ததெல்லாம் எல்லா நாட்டிலும் கிடைப்பதில்லை என்று, கட்டணம் கட்டிப் படிக்கிற இந்தப் பிள்ளைகளுக்குத் தெரிவது நல்லதுதான்.

ஐந்துக்கு மூன்று கொடுக்கலாம், அதில் இரண்டு கஞ்சி மேசைக்கு. போகிறவர்கள் இரண்டு குடும்பம் சேர்ந்து ஒரு கூப்பன் புத்தகம் வாங்குங்கள், பதினொரு மணிக்கு முன்னே போனால் கொத்துக்கு வரிசை இருக்காது. வாகனம் நிறுத்த இடமே இல்லை, ஓட்டோவில் போய் இறங்குவது நல்லது.