வளைந்த காலை நேராக்கும் ஆபரேஷன்: ₹2,40,000 கொடுத்து ஏமாந்துவிட்டோம், நீங்களாவது உஷாராக இருங்கள்

கை நடுங்க நடுங்கத்தான் எழுதுகிறேன். மூட்டு வலிக்கென்றே தனியாக நடத்தும் ஒரு தனியார் மருத்துவமனை. வழக்குப் போடப் போவதால் பெயர் சொல்லவில்லை.

அம்மாவுக்கு 52 வயது, சத்துணவுக் கூடத்தில் சமையல் வேலை. இரண்டு காலும் வில்லாக வளைந்து, இடது முழங்காலில் உள்பக்க ஜவ்வு தேய்ந்துவிட்டது. மூட்டை மாற்ற வேண்டாம், எலும்பை வெட்டிக் காலை நேராக்கினால் போதும் என்றார்கள். முழங்காலுக்குக் கீழே எலும்பை உள்பக்கமாக வெட்டி, விரித்து, பிளேட்டும் ஸ்க்ரூவும் வைப்பார்கள். தேய்ந்த பக்கம் விழும் பாரம் நன்றாக இருக்கும் வெளிப்பக்கத்துக்கு மாறும். வெளிப்பக்கம் கெடாத, வயது அதிகமாகாத ஆட்களுக்கு இது நல்ல சிகிச்சைதான். சிகிச்சையை நான் குறை சொல்லவில்லை.

அங்கே ஆபரேஷன் பற்றி விளக்கிச் சொல்லக் கவுன்சிலர் என்று ஒரு பெண். பிளாஸ்டிக் எலும்பைக் கையில் வைத்துக்கொண்டு, "மூட்டு மாத்திட்டா அப்புறம் சம்மணம் போடறது கஷ்டம்மா. இதுன்னா தரையில உக்காந்தே காய் நறுக்கலாம்" என்றார். அம்மா முகத்தில் அப்படி ஒரு சிரிப்பு. பிறகு டாக்டர் வந்து தோளைத் தட்டி, "ரெண்டு மாசத்துல வேலைக்குப் போயிருவீங்க" என்றார். அதற்கு மேல் என்ன வேண்டும்? அம்மாவின் செயினை அடகு வைத்து, சீட்டைத் தள்ளி எடுத்து ₹1,80,000 பேக்கேஜ் கட்டினோம். டிஸ்சார்ஜ் அன்று "பிளேட் தனி" என்று இன்னும் ₹60,000 கேட்டார்கள். ஆக ₹2,40,000.

வலி குறையவே இல்லை. போய்க் கேட்டால், "எலும்பு கூடட்டும்." அடுத்த முறை, "பிசியோ ஒழுங்கா செய்யல." அப்புறம், "எடையைக் குறைங்க." அந்த எடை ஆபரேஷனுக்கு முன்னால் தெரியவில்லையா? டாக்டரைப் பார்க்க வேண்டும் என்றால் எப்போதும் ஆபரேஷன் தியேட்டரில் இருக்கிறார். கடைசியாக அந்தக் கவுன்சிலரே, "மூட்டு மாத்திக்கலாம் சார், பழைய பேஷண்ட்னு டிஸ்கவுண்ட் வாங்கித் தரேன்" என்றார். எதை மாற்ற வேண்டாம் என்று ₹2,40,000 வாங்கினார்களோ, அதையே!

நேற்று மதுரை அரசு மருத்துவமனைக்குக் கூட்டிப்போனோம். நிற்கவைத்து இடுப்பிலிருந்து கணுக்கால் வரை முழுக்கால் எக்ஸ்ரே எடுத்தார்கள். இடுப்பு மூட்டின் நடுவிலிருந்து கணுக்கால் நடுவுக்குக் கோடு போட்டுப் பார்த்துத்தான் எத்தனை டிகிரி விரிக்க வேண்டும் என்று முடிவு செய்வார்களாம். ஆபரேஷனுக்குப் பிறகு அந்தக் கோடு முழங்கால் நடுவைத் தாண்டிக் கொஞ்சம் வெளிப்பக்கம் விழ வேண்டும். அம்மாவுக்கு இன்னும் தேய்ந்த உள்பக்கத்திலேயே விழுகிறது. "முன்னாடி எடுத்த முழுக்கால் படம் எங்கே?" என்று கேட்டார் டாக்டர். இல்லை. படுக்கவைத்து எடுத்த முழங்கால் படம் மட்டும்தான் எங்களிடம் இருக்கிறது. அதை வைத்துக்கொண்டு எலும்பை வெட்டியிருக்கிறார்கள்!

என்ன செய்யலாம் என்று விரிவாக எழுத நினைத்தேன், இப்போது முடியவில்லை. நின்றபடி முழுக்கால் படம் எடுக்காமல் கையெழுத்துப் போடாதீர்கள். வெளிப்பக்கம் நன்றாக இருக்கிறதா என்று கேளுங்கள். முடக்குவாதம் இருந்தால் இந்த ஆபரேஷன் பொதுவாகச் செய்யமாட்டார்கள், மறைக்காமல் சொல்லுங்கள். புகை பிடித்தால் எலும்பு கூடுவது தாமதமாகும். பேக்கேஜில் பிளேட் உண்டா, பின்னால் அதை எடுக்கும் செலவு எவ்வளவு என்று எழுதி வாங்குங்கள்.

மருத்துவ ரெக்கார்டு கேட்டால் 72 மணி நேரத்துக்குள் தர வேண்டும் என்பது விதி. இன்று காலை எழுதிக் கொடுத்து நகலில் சீல் வாங்கியிருக்கிறேன். நுகர்வோர் ஆணையத்தில், சிகிச்சைக்குக் கொடுத்த பணம் 5 லட்சம் வரை என்றால் புகாருக்குக் கட்டணம் கிடையாது, இரண்டு வருடத்துக்குள் போட வேண்டும். ரெக்கார்டு கைக்கு வந்ததும் போடுகிறேன். இதே மாதிரி யாருக்காவது நடந்திருந்தால் எழுதுங்கள்.