இறக்காத கியர்பாக்ஸுக்கு நான் கொடுத்த கூலி

கார் இன்ஜினில் ஆயில் கசிகிறது என்று வண்டியை மெக்கானிக்கிடம் விடப் போகிறவர்கள், விடுவதற்கு முன்னால் இதைப் படித்துவிடுங்கள். கடையின் பெயரைச் சொல்லப் போவதில்லை. அவர் என்ன செய்தார், அதை நான் எப்படிக் கண்டுபிடித்தேன் என்பது தெரிந்தால் போதும்.

முதலில் வந்தது நாற்றம்தான். வண்டி நிற்கும்போது ஏசி வழியாக எண்ணெய் கருகும் வாடை. காலையில் குனிந்து பார்த்தால் தரையில் இரண்டு மூன்று கறுப்புச் சொட்டுகள், இன்ஜினும் கியர்பாக்ஸும் சேரும் இடத்துக்கு நேர் கீழே.

கடைக்காரர் லிப்டில் ஏற்றி டார்ச் அடித்தார். ஒரு நிமிடம்கூட ஆகியிருக்காது. "பின்னாடி மெயின் சீல் போயிடுச்சு சார். கியர்பாக்ஸை இறக்கணும். இறக்குறதுதான் இறக்குறோம், எல்லா பேக்கிங்கையும் சேர்த்து மாத்திடலாம்" என்றார். பேக்கிங் என்பது இரண்டு பாகங்கள் சேரும் இடத்தில் ஆயில் கசியாமல் அடைக்கும் பட்டை. கிராங்க்கின் (இன்ஜினுக்குள் சுழலும் அச்சு) பின்பக்கம் இருக்கும் அந்த சீல் ஒரு ரப்பர் வளையம். அதன் விலை பெரிதில்லை, அதை எட்டுவதற்கான கூலிதான் பெரிது. இதை எங்கோ படித்திருந்ததால் அவர் சொன்னது எனக்கு நியாயமாகப் பட்டது. ஒன்றுமே தெரியாதவனாக இருந்திருந்தால் இன்னொருவரிடம் கேட்டிருப்பேன். அரைகுறையாகத் தெரிந்ததுதான் என்னைக் கவிழ்த்தது.

நான்கு நாள் கழித்து வண்டி வந்தது. பில்லில் மெயின் சீல், டேப்பட் கவர் (இன்ஜினின் மேல்மூடி) பேக்கிங், சேம்பர் (இன்ஜினுக்கு அடியில் ஆயில் நிற்கும் தொட்டி) பேக்கிங், கியர்பாக்ஸ் இறக்கி ஏற்றும் கூலி எல்லாம் இருந்தன. பழைய பாகங்களைக் கேட்டேன். "குப்பையில் போட்டாச்சு சார்." சரி என்று விட்டுவிட்டேன்.

இரண்டு வாரம் தரை காய்ந்து கிடந்தது. மூன்றாவது வாரம் மறுபடி அதே வாடை. திரும்பப் போனதற்கு, புது சீல் செட் ஆக நாள் பிடிக்கும் என்றார். (சரியாகப் பொருத்திய சீல் வாரக்கணக்கில் ஒழுகிக்கொண்டே செட் ஆகாது.) அடுத்த முறை, இந்த இன்ஜினே அப்படித்தான், ஒழுக்கை நிறுத்தும் மருந்து ஒரு பாட்டில் ஊற்றிப் பார்க்கலாம் என்றார். அந்த மருந்து ரப்பரைக் கொஞ்சம் உப்ப வைக்கும், அவ்வளவுதான். கிழிந்த சீலையோ நசுங்கிய பேக்கிங்கையோ அது ஒட்டவைக்காது. வேண்டாம் என்று வந்துவிட்டேன்.

அப்புறம் ஒரு நாள் ஆயில் பிரஷர் விளக்கு மினுக்கியது. அந்த விளக்கு வந்தால் "வீடு வரைக்கும் போய்விடலாம்" என்ற பேச்சே கூடாது. ஓரங்கட்டி இன்ஜினை அணைத்துவிட்டு, வண்டியைக் கட்டி இழுத்து வேறொரு மெக்கானிக்கிடம் கொண்டுபோனேன்.

இவர் பேசவே இல்லை. கீழே போய் வெகுநேரம் பார்த்தவர் என்னைக் கூப்பிட்டு, "கியர்பாக்ஸை இறக்கினதா யார் சொன்னது?" என்றார். இன்ஜினையும் கியர்பாக்ஸையும் சேர்க்கும் போல்ட்டுகளின் தலையில் பல வருட அழுக்கு உடையாமல் அப்படியே இருந்தது. ஸ்பேனர் பட்டிருந்தால் உலோகம் பளிச்சென்று தெரிந்திருக்கும். என் வண்டியில் கியர்பாக்ஸ் இறங்க வேண்டுமென்றால் முன்சக்கர ஆக்ஸில்கள் வெளியே வர வேண்டும். ஆக்ஸில் நட்டில் கம்பெனியில் தட்டிவைத்த மடிப்பு கலையவே இல்லை. ஆக்ஸிலை உருவினால் கியர் ஆயில் கொட்டும், புதிதாக ஊற்ற வேண்டும். பில்லில் கியர் ஆயில் என்று ஒரு வரிகூட இல்லை. அந்தப் பில் இத்தனை நாளும் என் கையில்தான் இருந்தது!

சேம்பரைக் கழற்றியதும் அடுத்த கூத்து. ஆயில் உறிஞ்சும் சல்லடையில் சிலிகான் பசைத் துண்டுகள் அடைத்துக்கொண்டிருந்தன. சேம்பருக்குப் பல இன்ஜின்களில் தனி பேக்கிங்கே கிடையாது, சிலிகான்தான். அதில் தவறில்லை. ஆனால் இரண்டு பக்கமும் சுத்தமாகச் சுரண்டித் துடைத்து, மெல்லிய கோடாக இழுக்க வேண்டும். அது முழுதாக இறுக பொதுவாக 24 மணி நேரம் பிடிக்கும். அவர்கள் பற்பசை மாதிரி பிதுக்கியிருந்தார்கள். வெளியே பிதுங்கினால் அசிங்கமாக இருக்கும், அவ்வளவுதான். உள்ளே பிதுங்கியது பிய்ந்து சல்லடைக்குப் போகும். ஆயில் கிடைக்காத இன்ஜினில் முதலில் போவது பேரிங். என் அதிர்ஷ்டம், சல்லடையைக் கழுவிப் புது ஆயில் ஊற்றி கேஜ் வைத்துப் பார்த்தபோது பிரஷர் சரியாக இருந்தது.

சரி, ஒழுக்கு எங்கே? இன்ஜினை முழுக்கக் கழுவிக் காயவைத்து, ஆயிலில் ஒளிரும் சாயம் கலந்து, ஒரு நாள் ஓட்டிவிட்டு வரச் சொன்னார். மறுநாள் புறஊதா விளக்கை அடித்தபோது டேப்பட் கவரின் பின்மூலையிலிருந்து ஒரு மஞ்சள்பச்சைக் கோடு இறங்கி, கியர்பாக்ஸ் சேரும் இடத்தில் வந்து சொட்டியது. எண்ணெய் கீழே வடியும், ஓடும்போது காற்று அதைப் பின்னால் தள்ளும். சொட்டும் இடத்தைப் பார்த்து அதுதான் ஒழுகும் இடம் என்று சொல்பவர் ஒன்று அவசரக்காரர், இல்லையென்றால் என் கடைக்காரர்.

கவரைத் திறந்தால் பழைய பேக்கிங்கே இருந்தது, பிளாஸ்டிக் மாதிரி இறுகிப்போய். அதன் மேலேயே சிலிகானைத் தடவி, போல்ட்டுகளை முரட்டுத்தனமாக முறுக்கியிருந்தார்கள். ஒன்றில் மரையே போய்விட்டது. டேப்பட் கவர் போல்ட்டுக்குப் பெரும்பாலும் 10 நியூட்டன் மீட்டர் அளவுதான் முறுக்கு, டார்க் ரெஞ்ச் வைத்து நடுவிலிருந்து ஓரத்துக்குக் கொஞ்சம் கொஞ்சமாக இறுக்க வேண்டும். புது பேக்கிங் போட்டு, மூலைகளில் மட்டும் ஒரு பொட்டு சிலிகான் வைத்து மூடினார். கூடவே, இன்ஜினுக்குள் சேரும் வாயுவை வெளியேற்றும் பிசிவி வால்வையும் மாற்றினார். அது அடைத்திருந்தால் இன்ஜினுக்குள் காற்றழுத்தம் ஏறி, புது பேக்கிங்கையும் மீறி ஆயிலைத் தள்ளும். அரை நாள் வேலை.

அதனால் சொல்கிறேன். "மெயின் சீல்" என்று யாராவது சொன்னால், முதலில் கழுவிப் பார்த்தீர்களா என்று கேளுங்கள். பழைய பாகங்கள் வேண்டும் என்பதை வேலை தொடங்கும் முன்பே சொல்லிவிடுங்கள், முடிந்தபின் கேட்டால் குப்பைக் கதைதான் வரும். விடுவதற்கு முன்னால் கியர்பாக்ஸ் போல்ட், ஆக்ஸில் நட் இரண்டையும் போனில் படம் எடுத்து வையுங்கள்.

படங்களோடு முதல் கடைக்குப் போனேன். ஆக்ஸில் நட் படத்தை வெகுநேரம் பார்த்தவர், "பையன் செஞ்சிருப்பான் சார், அடுத்த ஆயில் சர்வீஸ் ஃப்ரீயா பண்ணித் தரேன்" என்றார். எனக்கு சர்வீஸ் வேண்டாம், கூலியைத் திருப்பிக் கொடுங்கள் என்று எழுதியே கொடுத்துவிட்டு வந்திருக்கிறேன். இன்னும் பதில் இல்லை.