முதல் சைக்ளோகிராஸ் வண்டி: கான்டிலீவர் பிரேக்கா, கேபிள் டிஸ்க்கா?

செங்கோட்டையிலிருந்து புளியரை வழியாகக் கோட்டைவாசல் ஏறி ஆரியங்காவு வரை போகவும், சாரல் நாட்களில் வயலோர மண்பாதைகளில் இறங்கவும் ஒரு வண்டி தேடியபோது, என் கையிருப்புக்குள் இரண்டு வழிகளே இருந்தன. ஒன்று, ரிம்மை இருபுறமும் கட்டைகளால் பிடிக்கும் கான்டிலீவர் பிரேக் பூட்டிய பழைய அலுமினிய சைக்ளோகிராஸ்; அதாவது சேற்றிலும் புல்லிலும் ஓட்டி, இடையிடையே தோளில் தூக்கி ஓடும் பந்தயத்துக்கான வண்டி. மற்றொன்று, சக்கரத்தின் நடுவில் உள்ள தட்டைக் கம்பி இழுப்பில் பிடிக்கும், சற்று விலை கூடிய கேபிள் டிஸ்க் வண்டி. நான் டிஸ்க்கையே எடுத்தேன்.

சர்வதேசச் சைக்கிள் சங்கம் சைக்ளோகிராஸ் பந்தயங்களில் டிஸ்க் பிரேக்கை அனுமதித்தது 2010இல்தான் என்பதால், குறைந்த விலைக்கு வரும் பழைய வண்டிகள் பெரும்பாலும் கான்டிலீவராகவே இருக்கின்றன. பந்தய விதிப்படியான 33 மி.மீ. டயர் இரண்டிலும் ஏறும். தொடங்குபவருக்கு பின்னால் 8 பல்சக்கரம் கொண்ட ஷிமானோ கிளாரிஸ் கியர் தொகுதியே போதும். எடையில் கான்டிலீவர் வண்டி குறைவு. தோளில் தூக்கி ஓடும்போது அது தெரியும்.

என்னைத் தீர்மானிக்க வைத்தது பராமரிப்பு. கான்டிலீவரில் ரப்பர் கட்டை நேரே ரிம்மைப் பிடிக்கிறது. சேற்றோடு வரும் பொடிமணல் அந்தக் கட்டையில் பதிந்துவிட்டால், பிரேக் பிடிக்கும் ஒவ்வொரு முறையும் அது அரம்போல அலுமினியத்தை அராவிக்கொண்டே இருக்கும். கட்டையை மாற்றுவது எளிது. ஆனால் ரிம் தேய்ந்துவிட்டால் ஆரக்கம்பிகள் அனைத்தையும் கழற்றிப் புது ரிம்மில் கோத்துக் கோட்டம் எடுக்க வேண்டும். அந்தக் கைத்திறன் எங்கள் ஊர்க் கடைகளில் உண்டு. இந்த வண்டிக்கான 700சி அளவு ரிம்தான் நான் கேட்ட எந்தக் கடையிலும் இருப்பில் இல்லை. டிஸ்க்கில் தேய்வது அச்சருகே இருக்கும் தட்டும் அதைப் பிடிக்கும் பேட் எனும் சிறு கட்டைகளும்தான்; ரிம் தேயாது. ஷிமானோ தட்டுகளை தடிமன் 1.5 மி.மீ. ஆகத் தேய்ந்ததும் மாற்றச் சொல்கிறார்கள்; பல வண்டிகளில் ஆறு திருகுகளைக் கழற்றினால் வேலை முடிந்தது. சக்கரம் சற்றுக் கோணினாலும் பிரேக் உரசாது என்பது, கல் நிறைந்த பாதையில் பெரிய நிம்மதி.

டிஸ்க்கிலும் குறைகள் உண்டு. சங்கிலி எண்ணெய் ஒரு துளி தெறித்தாலும் பேட் கிறீச்சிடும், பிடிப்பும் குறையும். பேட்களைத் தாங்கும் கவ்வியான கேலிப்பர் மலிவானதாக இருந்தால், அதில் ஒரு பக்கப் பேட்தான் நகரும் என்பதால், மறுபக்கத்தைத் தேயத் தேய ஆலன் சாவியால் நாமே நெருக்கிவைக்க வேண்டும். கேலிப்பரை மாற்ற நேர்ந்தால் ரோடு வகையையே கேட்டு வாங்குங்கள். மலைச் சைக்கிளுக்கானது வளைந்த ஹேண்டில்பாரின் லீவரோடு பொருந்தாது. கம்பிக்குப் பதில் திரவ அழுத்தத்தில் இயங்கும் ஹைட்ராலிக் டிஸ்க்கை நான் ஓட்டியதில்லை. விலையும் என் எல்லைக்கு அப்பால் இருந்தது.

பணம் இடங்கொடாமல் கான்டிலீவரையே வாங்குவதானால், ரிம்மின் பக்கச்சுவரை விரலால் தடவிப் பாருங்கள். உட்குழிந்திருந்தால், புதுச் சக்கரங்களின் விலையையும் சேர்த்த பிறகே பேரம் பேசுங்கள்.